பழுப்பு ஒற்றை நாற்காலிக்கு ஏறுமுகம்

எங்கள் கம்பெனியின் தோல் சோபாக்கள் எப்படி விற்கின்றன என்று மாதாமாதம் எழுதிக் கொடுப்பது என் வேலை. 'விற்பனைப் போக்கு அறிக்கை' என்று அதற்குப் பெயர். நேற்று எது விற்றது என்பதைப் பில் புத்தகமே சொல்லிவிடும். அதற்கு என்னைப் போல ஒருத்திக்குச் சம்பளம் கொடுத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார வைக்க வேண்டியதில்லை. நாளைக்கு எது விற்கும் என்று சொல்லத்தான் நான். நாளைக்கு என்ன சமையல் என்பதே எனக்குக் காலையில்தான் தெரியும் என்பது வேறு விஷயம்.

அறிக்கைக்கு ஆதாரம், ஒரு மஞ்சள் துணி. இது எங்கள் முதலாளியின் கண்டுபிடிப்பு. தோல் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து எழுந்தால் அந்த இடம் லேசாகக் கசங்கியிருக்கும். விற்பனையாளர் உடனே போய் மஞ்சள் துணியால் துடைத்து, சுருக்கத்தை நீவிவிட வேண்டும். துடைத்து முடித்ததும் இருக்கைக்கு அடியில் தொங்கும் அட்டையில் ஒரு கோடு போட வேண்டும். மாதக் கடைசியில் ஆறு கடைகளின் அட்டைகளும் என் மேசைக்கு வந்துவிடும். எதில் கோடு அதிகமோ அதில் ஜனங்களுக்கு ஆசை அதிகம் என்பது முதலாளியின் கணிப்பு. "கேட்டா எல்லாத்தையும் நல்லாருக்குன்னுதாம்மா சொல்வாங்க. உட்கார்றாங்களா பாரு" என்பார்.

மூன்று வருடமாக என் அறிக்கையில் ஒரே பல்லவிதான். தோல் சோபா விற்பனை இறங்குகிறது. வீடுகள் சுருங்கிவிட்டன; மூன்று பேர் உட்காரும் சோபாவை வாசல் வழியாக உள்ளே கொண்டுபோவதற்குள் கதவைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ரெக்சின் சோபா பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கிறது. தொட்டுப் பார்த்தால் நிறையப் பேருக்கு வித்தியாசம் தெரிவதில்லை, தெரிந்தவர்களும் தெரியாத மாதிரி வாங்கிப் போகிறார்கள். இதையே நான் மாதத்துக்கொரு விதமாகப் பூசி மெழுகி எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார், ஏதோ நான்தான் கடை கடையாகப் போய் வாடிக்கையாளர்களை விரட்டிவிட்டு வந்தது போல.

அப்போதுதான் பாலத்தடிக் கடையின் அட்டை வந்தது. அங்கே மூலையில் ஒரு பழுப்பு ஒற்றை நாற்காலி வெகுநாளாகக் கிடந்தது. பக்கவாட்டுப் பிடியை இழுத்தால் முதுகு சாய்ந்து கால்பலகை மேலே வரும் வகை. மாதத்துக்கு எட்டுக் கோடு விழுந்தால் அதற்குப் பெரிய மரியாதை. ஜனவரியில் முப்பத்தொன்று விழுந்திருந்தது. பிப்ரவரியில் எழுபத்திரண்டு. மார்ச்சில் நூற்றுநான்கு.

புத்தியுள்ளவள் என்றால் ஒரு பேருந்து பிடித்துப் போய், யார் உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்திருப்பாள். எனக்குக் கோடு மேலே போனால் போதும். வரைபடம் போட்டேன். 'கூடி உட்காரும் காலம் முடிகிறது. ஒவ்வொருவரும் தனக்கே தனக்கென்று ஓர் இருக்கை தேடுகிறார்கள்' என்று எழுதினேன். எழுதும்போதே எனக்குப் புல்லரித்தது. நூற்றுநான்கு முறை உட்கார்ந்தும் ஒரு நாற்காலிகூட விற்கவில்லையே என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அதற்கும் ஒரு பெயர் வைத்தேன்: 'முதிர்ந்துவரும் ஆர்வம்'.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "இதும்மா அறிக்கை!" என்று தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. பட்டறையில் மூன்று பேர் உட்காரும் சோபாக்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, இருநூறு பழுப்பு நாற்காலிகளுக்குத் தோல் வெட்டச் சொல்லிவிட்டார். எனக்குப் பதவி உயர்வு வரும் என்றும் அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது.

இனி என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிசம்பர் கடைசியில் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பத்துநான்கு வருடம் பேருந்து ஓட்டியவர். அம்மா போனபிறகு தனியாக இருந்து பார்த்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சில குடும்பங்களில் பெரியவர்களை யார் தலையில் கட்டுவது என்று சண்டை வரும். எங்கள் வீட்டில் தம்பியும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். கடைசியில் அப்பாவே தீர்ப்புச் சொன்னார். ஏப்ரல் கடைசிவரை என் வீடு. அப்போது தம்பி வருவான். அதற்குப் பிறகு நிரந்தரமாக எங்கே இருப்பது என்று அவர் சொல்வார்.

ஜெயிக்கப்போவது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பி வீட்டில் இரண்டு சின்ன அறை, இரண்டு வாண்டுகள், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. என் வீட்டுக் கூடத்திலோ ஊழியர் சலுகையில் வாங்கிய பால் வெள்ளைத் தோல் சோபா. போட்டி ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அப்பா வேண்டும். காலையில் அவர் இருமும் சத்தம் கேட்டால்தான் எனக்கு வீடு வீடாக இருக்கிறது. அலுவலகத்திலிருந்து வரும்போது ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் என் நடை வேகமாகிவிடும். இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

சோபாவைப் பற்றி மட்டும் நிறையச் சொல்லியிருக்கிறேன். தோலுக்கு எது ஆகாது என்பது எனக்கு அத்துப்படி. வாங்குபவர்களுக்குக் கொடுக்கும் பராமரிப்புக் கையேட்டை எழுதியவளே நான்தான்; பதினெட்டுப் பக்கமும் 'கூடாது' என்றுதான் முடியும். தலை எண்ணெய், சாவிக்கொத்து, வெயில், ஈரத்துண்டு எல்லாமே தோலுக்கு எமன். போதாததற்கு, கசங்கலைப் பார்த்தே யார் எந்த மூலையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று சொல்லிவிடுவேன். தொழில் கற்றுக்கொடுத்த வித்தை அது. என் கணவர் கல்யாணமான புதிதிலேயே உஷாராகித் தரைக்கு மாறிவிட்டார். அப்பா வந்த இரண்டாம் நாள் மாலை, "மத்தியானம் இந்த ஓரமா சாஞ்சு படுத்தீங்களாப்பா?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். அவர் பேந்தப் பேந்த விழித்தார்.

அடுத்த வாரத்திலிருந்து தினமும் நான் கிளம்பும்போதே அவரும் கிளம்பிவிடுவார். "கொஞ்சம் நடந்துட்டு வரேம்மா." திரும்புவது மாலை ஐந்து மணிக்கு. அப்பா இந்த வயதிலும் எவ்வளவு சுறுசுறுப்பு என்று தம்பியிடம் பீற்றிக்கொண்டேன். ஒத்துழைக்காத முழங்காலை வைத்துக்கொண்டு ஒருவர் தினம் ஏழு மணி நேரம் எப்படி நடப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊரின் போக்கையெல்லாம் எழுதுகிறவளுக்கு வீட்டுக்குள் கண் தெரியவில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம் முதலாளி என் மேசைக்கு வந்தார். "விளம்பரம் பண்ணணும்மா. அதுக்கு முன்னாடி அந்த நாற்காலில உட்கார்றவங்க நாலு பேர நேர்ல பாத்துப் பேசணும். கிளம்பு" என்றார். பாலத்தடிக் கடைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. தோளில் மஞ்சள் துணியோடு விற்பனையாளர் ஓடிவந்தார்.

"எங்கப்பா உன் கூட்டம்?" என்றார் முதலாளி.

"இப்பவும் ஒருத்தர் இருக்காருங்க" என்று மூலையைக் காட்டினார் அவர்.

எனக்கு முதலில் தெரிந்தது கால்பலகையின் மேல் கிடந்த இரண்டு பாதங்கள். இடது பெருவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. முப்பத்துநான்கு வருடம் கிளட்சை மிதித்த கால் அது, எனக்குத் தெரியாதா? அப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். என் வீட்டில் அவர் அப்படிக் கையைக் காலைப் பரப்பித் தூங்கி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் தோல் மாதிரிகளைத் தொங்கவிட்டிருந்த ஒரு ஸ்டாண்டு இருந்தது. நான் அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

முதலாளி செருமினார். அப்பா திடுக்கிட்டு விழித்து எழப் போனார்.

"உட்காருங்க ஐயா, உட்காருங்க. நான்தான் கடைக்காரன். தினமும் வர்றீங்களாமே?"

"ஆமாங்க. வாங்கறதுக்கு இல்ல. அத மொத நாளே இவர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் அப்பா. விற்பனையாளர் கூரையில் எதையோ தேடினார். "ஒரு நாளைக்கு நாலு தடவ எழுந்துப்பேங்க, தண்ணி குடிக்க, அதுக்கு இதுக்குன்னு. ஒவ்வொரு தடவையும் இவர் வந்து துடைச்சுட்டு என்னமோ எழுதிக்கறாரு. பாவம், என்னால அவருக்கு வேலை."

மாதத்தில் இருபத்தாறு நாள், நாளைக்கு நான்கு தடவை. பெருக்கிப் பார்த்துக்கொண்டேன். என் 'முதிர்ந்துவரும் ஆர்வம்' மொத்தமும் ஒரே ஆளாக எதிரே உட்கார்ந்திருந்தது.

"இவ்வளவு சோபா இருக்கே, ஏன் இதுல?" என்றார் முதலாளி.

"இது மூலைல இருக்கு, யாருக்கும் இடைஞ்சல் இல்ல. இங்க உட்கார்ந்தா யாரும் எழுந்திரின்னு சொல்றதில்லங்க."

"வீட்ல சொல்றாங்களா?"

"சேச்சே! எம்பொண்ணு தங்கம். அப்படியெல்லாம் வாயத் தொறந்து சொல்ல மாட்டா." அப்பா கொஞ்சம் யோசித்தார். "தலைல எண்ணெயாப்பான்னு கேப்பா. பாக்கெட்ல சாவி இருக்காப்பான்னு கேப்பா. நானே எழுந்துடுவேன்."

முதலாளி சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, பயம். அவர் என் பேரைச் சொல்லிவிடுவாரோ, என் வேலை போய்விடுமோ என்ற பயம். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது போகவில்லை.

திரும்பும்போது காரில் நானே ஆரம்பித்தேன். "சார், நூறு பேர் இல்ல சார். ஒரே ஆள். நான் போய்ப் பாத்திருக்கணும்."

"ஒரே ஆள்தான். அந்த ஆள் என்ன சொன்னாரு கேட்டியா? எழுந்திரின்னு சொல்ல ஆளில்லாத நாற்காலி! இத விட விளம்பரம் வேணுமா?" கைகளைத் தேய்த்துக்கொண்டார். "எத்தன வீட்ல இந்த மாதிரி ஒரு பொண்ணு இருப்பா, நினைச்சுப் பாரு."

"ஆமா சார்."

"ராட்சசி!"

"ஆமா சார்" என்றேன்.

பத்தே நாளில் முச்சந்திக்கு முச்சந்தி பலகை வைத்துவிட்டார்கள். பழுப்பு நாற்காலியில் ஒரு பெரியவர் காலை நீட்டிச் சாய்ந்திருக்கும் படம். கீழே கொட்டை எழுத்தில் 'இங்கே உங்களை எழுந்திருக்கச் சொல்ல யாருமில்லை'. நாற்காலிகள் பறந்தன. இருநூறும் தீர்ந்து, பட்டறையில் இன்னும் முந்நூறுக்குத் தோல் வெட்டினார்கள். வெறும் பொய்யாக நான் எழுதிய ஏறுமுகம் அப்பட்டமான நிஜமாகிவிட்டது. முதலாளி என்னைத் தீர்க்கதரிசி என்று அழைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை. அட்டைகளில் கோடே விழவில்லை. வாங்க வந்தவர்கள் எல்லோரும் மகன்களும் மகள்களும். உள்ளே வருவார்கள், நாற்காலியைக் காட்டி "அப்பாவுக்கு" என்பார்கள், விலாசம் கொடுப்பார்கள், போய்விடுவார்கள். ஒருவர்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. உட்காராமல் எப்படி விற்கிறது என்று முதலாளி என்னிடம் விளக்கம் கேட்டார். 'உணர்வு சார்ந்த கொள்முதல்' என்று எழுதிக் கொடுத்தேன். குற்ற உணர்ச்சிக்கு உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை என்று எழுதியிருக்கலாம். அறிக்கையில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது.

இந்த அமளியில் அப்பாவின் மூலை பறிபோயிற்று. பாலத்தடிக் கடையில் அந்த நாற்காலியை வாசல் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். அப்பாவின் நடை ஒரே நாளில் நின்றுபோனது. வீட்டில் வாசல் பக்கம் செருப்பு வைக்கும் சின்ன அலமாரியின் மேல் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார். எனக்குத் தாங்கவில்லை. சோபாவின் மேல் போட்டிருந்த விரிப்பை உருவி எறிந்தேன்.

"சோபால உட்காருங்கப்பா. எப்படி வேணா உட்காருங்க."

"இருக்கட்டும்மா. இதுவே வசதியாத்தான் இருக்கு."

அது எங்கள் கம்பெனிக் கடை என்பதும், நான் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றதும் அவருக்குத் தெரியாது. எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கப் பலமுறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன். தம்பி வர இன்னும் ஐந்து நாள் இருந்தது.

பதவி உயர்வோடு முதலாளி எனக்கு ஒரு பழுப்பு நாற்காலியும் பரிசாகக் கொடுத்தார். சனிக்கிழமை காலை, தம்பி வருவதற்கு முதல் நாள், வேனில் அது வந்து சேர்ந்தது. முந்தின இரவு மழை பெய்து தெரு முழுக்கச் சேறு. எங்கள் சந்தில் வேனைத் திருப்ப முடியாமல் ஓட்டுநர் திணறினார். அப்பாவுக்குப் பொறுக்குமா? செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போய்விட்டார். "வா, வா, வா! ஸ்டியரிங்க வலது பக்கம் ஒடி! இன்னும் ஒடி! நிறுத்து!" என்று தெருவே அதிரும்படி கத்தினார். மகராசன், அவர் முகத்தில் நான் வெகுநாளாய்ப் பார்க்காத களை.

நாற்காலியைக் கூடத்தில் இறக்கி, சுற்றியிருந்த அட்டையைப் பிரித்தார்கள். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா?"

"உங்களுக்குப்பா. உங்களுக்கு மட்டும்தான். வேற யாரும் உட்கார மாட்டோம்."

அவர் மெல்ல உட்கார்ந்தார். கை தானாகவே பிடியைத் தேடிப் போயிற்று. முதுகு சாய்ந்தது, கால் மேலே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டார். என் கணவர் தரையிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார்.

"டிரைவர் சீட்டு இப்படி இருந்திருந்தா நான் ரிட்டயரே ஆகியிருக்க மாட்டேன்" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. நாங்கள் மூவரும் சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு உன் தம்பி வரட்டும். சொல்லிடலாம். நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். இப்போதாவது சொல்லிவிட வேண்டும், எனக்கு நீங்கள் வேண்டும் அப்பா என்று, அந்தக் கடையில் நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டேன் என்று. குனிந்து அவர் கையைப் பிடிக்கப் போனேன். குனிந்தபோது கால்பலகை கண்ணில் பட்டது. பழுப்புத் தோலின் மேல் அவர் குதிகால். குதிகாலில், வாசலில் தேய்த்தும் போகாத தெருச் சேறு. ஈரச்சேறு காய்ந்தால் தோலின் துளைகளுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எடுக்கவே வராது. கையேட்டில் ஏழாம் பக்கம்.

"கால் கழுவினீங்களாப்பா?" என்றேன்.

சொன்னது என் வாய்தான். நான் சொல்ல வந்தது அதுவல்ல. என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா கண்ணைத் திறந்தார். முகத்தில் கோபம் துளிகூட இல்லை. பிடியைத் தள்ளிக் காலைக் கீழே இறக்கினார். குதிகாலில் நடந்தால் தரையில் சேறு படும் என்று முன்பாதத்தை மட்டும் ஊன்றி, அந்த முழங்காலோடு, குளியலறைக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, துண்டால் விரலிடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டு செருப்பு அலமாரியின் மேல் உட்கார்ந்தார்.

"அப்பா, தெரியாம கேட்டுட்டேன். வந்து உட்காருங்கப்பா. சேறோடயே உட்காருங்க."

"அதுக்கென்னம்மா. நீ கேட்டது சரிதான்" என்றார். அவர் குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. "உன் தம்பிக்கு ஒரு ஃபோன் போட்டுக் குடு. நாளைக்கு வரும்போது பெரிய பையா ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லணும்."

எண்ணை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் ஃபோனை அவர் கையில் கொடுத்தேன்.